மடித்து வைத்த வரி

போட்டியில் இருபத்து மூன்றாம் எண்காரரும் நான் எழுதிய இடத்திலேயே விழுந்தார். உருட்டுக்கட்டை என்று எழுதியிருந்தேன், உருட்டுக்கட்டையிலேயே கால் வழுக்கிப் போனார். முதலில் அவர் தண்ணீருக்குள் மறைவது தெரிந்தது, ஒரு நொடி கழித்துத்தான் தொப்பென்ற சத்தம் வந்தது. ஒசாகாவில் நண்பன் இன்பராஜ் தன் வீட்டு டிவிக்கு முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அந்தப் படம் கடல் தாண்டி கோயம்புத்தூரில் இந்த ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடிக்கு வந்துசேர வேண்டும், சத்தம் பிந்தத்தான் செய்யும். ஆனாலும் சத்தமில்லாமல் விழுகிற மனுஷனைப் பார்க்க என்னவோ போலிருக்கிறது. நோட்டில் டிக் போட்டேன். பக்கம் முழுக்க டிக்குகள், ஒரு இன்ட்டு கூட இல்லை. பேனாவை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன். எதிரே கண்ணாடிக் கதவு, அதற்கு அப்பால் இன்னொரு கதவு, அதற்கும் அப்பால் என் மனைவி மரகதம். பதினோரு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி. நாலு மணி நேரம் ஆகும், அஞ்சும் ஆகலாம் என்றார் டாக்டர், ரயில் வருகிற நேரத்தைச் சொல்வதுபோல. இப்போது மணி இரண்டு பத்து. இந்நேரம் மண்டையோட்டைத் திறந்திருப்பார்கள். திறந்திருப்பார்கள் என்றால் எப்படி, மூடி மாதிரியா, வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், அதற்காகத்தானே ஷோவைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனாள். "நீங்க சும்மா உக்காந்திருந்தா எதையாச்சும் நெனைச்சுட்டே இருப்பீங்க. பட்டியலப் போட்டு ஷோவப் பாருங்க. வெளிய வந்ததும் யார் எங்க உழுந்தாங்கன்னு எனக்கு ஒண்ணு விடாமச் சொல்லோணும்" என்றாள், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே, டிரைவிங் ஸ்கூலில் தன்னிடம் வண்டி பழக வரும் பெண்களுக்குச் சொல்கிற அதே குரலில். கிளட்ச்சை விடுங்க, பயப்படாதீங்க, ரோட்டப் பாருங்க. இருபத்து நாலாம் எண்காரர் மேடையேறி நின்றார். அவருக்கு மீன்வலை என்று எழுதியிருந்தேன். தப்பாகப் போகட்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே மீன்வலையில் தொங்கி, கை நழுவிப் போனார்.

தப்பாகப் போகட்டும் என்று நான் நினைப்பது எப்பேர்ப்பட்ட விஷயம் என்பது எங்கள் ஏழு பேருக்கு மட்டும்தான் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை ஜப்பானில் நடக்கிற போட்டி இது. நூறு பேர், தண்ணீருக்கு மேலே கட்டிய தடைகள், ஒவ்வொருவராக ஓடி வந்து விழ வேண்டியதுதான். யார் எவ்வளவு தூரம் போனார் என்பதை வைத்து ஒன்றிலிருந்து நூறு வரை இடம். முன்பு கேபிளில் யாரோ தமிழில் கேலி பேசி ஓட்டுவார்கள், அப்போது பார்க்க ஆரம்பித்தோம், கேலி நின்றுபோன பிறகும் நாங்கள் நிற்கவில்லை. தடைகளுக்கெல்லாம் மரகதம்தான் பெயர் வைத்தாள். முதலில் தண்ணீருக்கு மேலே சாய்ந்து நிற்கும் ஐந்து படிகள், அது அஞ்சு கல். பிறகு உருட்டுக்கட்டை, மீன்வலை, கடைசியில் வழுக்குமதில். போட்டிக்கு முன்னால் நாங்கள் ஏழு பேரும் நூறு பேரையும் வரிசைப்படுத்தி, பக்கத்தில் எங்கே விழுவார் என்று எழுதி, படமெடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட வேண்டும். போட்ட பின் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் பட்டியல் செல்லாது. ஒன்பது வருஷத்தில் நான் சரியாகச் சொன்னது அதிகபட்சம் முப்பத்தொன்று, அன்றைக்கு மரகதம் கேசரி கிண்டினாள். ஆனால் நூறாவது வரி மட்டும் கணிப்பு இல்லை. அது திருஷ்டி வரி. அதுவும் மரகதம் கொண்டுவந்ததுதான். இரண்டாம் வருஷம் அவள் ஹிராயாமாவை முதலிடத்தில் போட்டாள். ஹிராயாமா என்பவர் ஐம்பது வயதைத் தாண்டிய டோஃபு கடைக்காரர், கடையில் கட்டுகிற ஏப்ரனோடேயே வந்து தண்ணீரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடுவார், எந்த வருஷமும் வழுக்குமதிலைத் தாண்டியதில்லை. "ஸ்டியரிங்கப் புடிச்ச மாதிரியே ஓடறாரு பாருங்க" என்று மரகதம் உருகுவாள். அவள் முதலிடம் கொடுத்த வருஷம் அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. இரண்டு நாள் இவள் சரியாகச் சாப்பிடவில்லை. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்றாள், நாமதான் கண்ணு வச்சுட்டோம் என்றாள். அதிலிருந்து எங்கள் குழுவில் அவரவருக்கு ரொம்பப் பிடித்தவரைக் கடைசியில் போடுவது வழக்கமாகிவிட்டது. நூறாவது இடம், அஞ்சு கல்லிலேயே விழுவார். ஒரு மார்க் போனால் போகிறது. "சாமிக்கு நம்ம கணக்கைப் பொய்யாக்கறதுல ஒரு சந்தோசமுங்க. நாம உழுவாருன்னு எழுதுனா, அதுக்காகவே தூக்கி உட்ருவாரு." அந்த வரியை யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் பலிக்காது. அதனால் படமெடுக்கும்போது தாளின் அடியில் அந்த ஒரு வரியை மட்டும் மடித்து வைத்துக்கொள்வோம், ஷோ முடிந்ததும் பிரித்துக் காட்டுவோம். எல்லோருக்கும் தெரியும் எனக்கு அங்கே யாரென்று. ஏழு வருஷமாக மரகதமும் நானும் போடுவது ஹிராயாமாவைத்தான்.

இந்த வருஷம் நான் ஹிராயாமாவைப் போடவில்லை. காலையில் வார்டில் அவளுடைய தலையைப் பாதி மழித்துக்கொண்டிருந்தார்கள், முடி கொத்துக் கொத்தாகப் பச்சைத் துணியில் விழுந்துகொண்டிருந்தது, அதைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் பட்டியல் எழுதினேன். தொண்ணூற்றொன்பது வரை வந்ததும் பேனா தானாகவே எழுதியது. மரகதம், அஞ்சு கல். தானாகவே என்று சொல்லி யாரை ஏமாற்ற. யோசித்துத்தான் எழுதினேன். எனக்கு உலகத்திலேயே ரொம்பப் பிடித்தவள் யாரோ அவளுக்குத்தானே அந்த வரி. சாமி எங்கள் கணக்கைப் பொய்யாக்கட்டும் என்றுதான் எழுதினேன். எழுதி, மடித்து, படமெடுத்து, குழுவில் போட்டேன். அப்போது என் கணக்கு வழக்கம்போல் எழுபது தப்போடு இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன், அந்த நம்பிக்கையில்தான் எழுதினேன், சரியாகக் கணிக்கிறவன் எவனாவது அப்படி எழுதுவானா. இப்போது முப்பத்தெட்டாம் எண்ணும் சரி. முப்பத்தொன்பதும். முப்பத்தொன்பதாம் எண்காரர் போன வருஷம் வழுக்குமதிலைத் தாண்டியவர், அவர் அஞ்சு கல்லிலேயே போவார் என்று யாருமே போடவில்லை, நான் போட்டிருந்தேன், ஏன் போட்டேன் என்று இப்போது எனக்கே தெரியவில்லை. குழுவில் செய்திகள் வந்து விழுகின்றன. மலேசியாவில் கிள்ளானிலிருந்து புஷ்பவேணி அக்கா சிரிக்கிற பொம்மைகளாக அனுப்புகிறார். இன்பராஜ் குரலில் அனுப்பினான். "சென்னியப்பண்ணே, இன்னைக்கு என்ன சாப்பிட்டுட்டு எழுதினீங்க? கரிநாக்குண்ணே உங்களுக்கு." விளையாட்டாகத்தான் சொன்னான். அவனுக்குத் தெரியாது. எட்டு வயதில் மாமன் கல்யாணத்தில் இந்தப் பந்தல் விழும் என்றேன், சாயங்காலம் விழுந்தது. அத்தை என் தாடையைப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் புரட்டிப் பார்த்தாள், இடது ஓரத்தில் மிளகளவு கறுப்பு இருந்தது, சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். அந்தக் கையை அவள் சேலையில் துடைத்துக்கொண்டது எனக்கு இன்னும் மறக்கவில்லை. இப்போதும் அந்த இடம் உடைந்த கடைவாய்ப்பல்லில் உரசிக்கொண்டே இருக்கிறது. உரசாதே என்றால் இன்னும் உரசுகிறது.

நாக்கு இருக்கட்டும், எனக்குக் கண்ணும் அப்படித்தான். இருபத்தாறு வருஷமாக மில்லில் நூலின் பலம் பார்க்கிற வேலை. நூல்கழியை மெஷினில் மாட்டி அறுகிற வரைக்கும் இழுப்பேன், எந்த இடத்தில் அறுந்தது என்று எழுதுவேன். அறாத நூல் என்று ஒன்று கிடையாது, எல்லாம் அறும், எப்போது என்பதுதான் கேள்வி. அப்படியே பார்த்துப் பார்த்து மனுஷர்களையும் அந்தக் கண்ணால்தான் பார்க்க வருகிறது. இந்த ஹாலுக்கு வந்து உட்கார்ந்ததும் எதிர்வரிசைக் குடும்பத்தைப் பார்த்தேன், அப்பா உள்ளே, அம்மாவும் மகளும் வெளியே, மகளின் மடியில் ஒரு பச்சைத் தண்ணீர்ப் பாட்டில். இந்தக் குடும்பத்துக்கு இன்றைக்கு ஆகாது என்று தோன்றியது. தோன்றியதோடு சரி, வாயைத் திறக்கவில்லை. இங்கே இரண்டு விதமாகக் கூப்பிடுகிறார்கள் என்பதை ஒரு மணி நேரத்தில் கண்டுகொண்டேன். ஒன்று, வந்து பாருங்க. இன்னொன்று, டாக்டர் பேசணுங்கறாரு. முதல் வகையில் போகிறவர்கள் திரும்பி வந்து பையை எடுத்துக்கொண்டு போனில் சத்தமாகப் பேசிக்கொண்டு இறங்கிப் போகிறார்கள். ஐம்பத்திரண்டாம் எண்காரர் ஓடிக்கொண்டிருந்தபோது நர்ஸ் கதவைத் திறந்து அந்த அம்மாவைப் பார்த்து, டாக்டர் பேசணுங்கறாரு என்றாள். இருவரும் போனார்கள். ஐம்பத்தைந்து ஓடி முடித்தாயிற்று, அறுபது ஓடி முடித்தாயிற்று, அவர்கள் வரவில்லை. பச்சைப் பாட்டில் நாற்காலியில் அப்படியே நிற்கிறது. யாரும் அதை எடுக்கவில்லை, அந்த நாற்காலியில் யாரும் உட்காரவும் இல்லை. ஒரு தப்பு போதும் எனக்கு, ஒரே ஒரு இன்ட்டு, அறுபத்தொன்று தாண்டட்டும், வழுக்குமதிலைத் தாண்டி மேலே போய்க் கையை ஆட்டட்டும். விழுந்தார். மரகதம் பெயரை அடித்துவிட்டால் என்ன. பேனாவைத் திறந்து மடிப்பைக் கொஞ்சம் விலக்கினேன். அடித்தால் பட்டியல் செல்லாது, செல்லாவிட்டால் நல்லதுதானே, ஆனால் செல்லாமல் போனால் திருஷ்டி கழித்ததும் செல்லாது, அவள் இப்போது மண்டை திறந்து கிடக்கிறாள், இந்த நேரத்தில் போய்க் காப்பை அவிழ்ப்பேனா. அவிழ்க்காவிட்டால் இன்றைக்கு இந்தத் தாளில் எழுதியதெல்லாம் நடக்கிறது. அடித்தாலும் நான்தான், அடிக்காவிட்டாலும் நான்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வார்கள் என்பார்கள், நான் என் தலையில் போட்டுக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பேனாவை மூடினேன். மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்தேன். எழுபது. எழுபத்தொன்று. மணி மூன்றரை.

தொண்ணூற்றிரண்டு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அது தட்டுப்பட்டது. நூறு வரி, நூறு பேர். ஒரு வரியில் மரகதம் உட்கார்ந்திருக்கிறாள். அப்படியானால் ஒருவர் வெளியே நிற்க வேண்டும். இவ்வளவு நேரம் எப்படித் தோன்றாமல் போனது. ஹிராயாமாவின் எண் தொண்ணூற்றேழு, அதைத் தேடினேன். மேலிருந்து கீழே தேடினேன், கீழிருந்து மேலே தேடினேன், விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தேடினேன். ஹிராயாமா இல்லை. அவருக்கு ஏழு வருஷமாக ஒரே வரிதான், அதை எடுத்து இவளுக்குக் கொடுத்துவிட்டேன், அவரை வேறெங்கும் வைக்க மறந்துவிட்டேன். குழுவில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, மடிப்புக்குள் அவர்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நூறு பேரில் என் கண்ணும் நாக்கும் தொடாத ஒரே ஆள் அவர். எழுதப்படாதவர். முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, ஒரு ஆளாவது தப்பித்தாரே என்று. அப்புறம் அந்த நினைப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்து பச்சைப் பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கு இந்தத் தாளில் எழுதியது நடந்தே தீரும் என்றால், நூறாவது இடத்தில் அஞ்சு கல்லில் ஒருவர் விழுந்தே ஆக வேண்டும். அது யாரானால் என்ன. அந்த வரி எப்போதும் ஹிராயாமாவுடையதுதானே. அவர் விழுந்துவிட்டால் இடம் நிரம்பிவிடும், இவளுக்கு அங்கே இடமிருக்காது. சீ என்றேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன்போல, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் திரும்பி, "ஏனுங்க, ஒண்ணுமில்லீங்களே?" என்றார். ஒண்ணுமில்லீங்க என்றேன். மரகதத்துக்கு ஒரு பாவமும் செய்யாத மனுஷன். பதினாலு வருஷமாக அஞ்சு கல்லில் ஒரு தடவைகூட விழாதவர். இவளுக்குத் தலைவலி வர ஆரம்பித்த நாளில், வகுப்பில் லெப்ட் என்று வாயால் சொல்லிக்கொண்டே வலது கையைக் காட்டி, அந்தப் பெண் குழம்பி வண்டியைச் சுவரில் உரசிய நாளில், வீட்டுக்கு வந்து பழைய ஷோவைப் போட்டு அவர் ஓடுவதைத்தான் மூன்று தடவை பார்த்தாள். தொண்ணூற்றாறு. டிக். ஹிராயாமா மேடையில் ஏறினார். ஏப்ரன் இருந்தது. தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டார். டிவிக் கண்ணாடியில் இன்பராஜின் முகமும் மங்கலாகத் தெரிந்தது, அவரும் இவனும் ஒருவருக்குள் ஒருவர் நிற்பதுபோல. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். நாக்கு பல்லுக்குப் பின்னால் துடித்தது. விழு என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் சொன்னேன்.

முதல் கல், இரண்டாம் கல், மூன்றாம் கல்லில் கால் வைத்தவர் என்னவோ ஞாபகம் வந்ததுபோல் நின்றார். அங்கே யாரும் நிற்பதில்லை, நின்றால் சறுக்கும். பின்தலை கல்லின் விளிம்பில் பட்டது, படம் அதைக் காட்டிய பிறகுதான் சத்தம் வந்தது, தண்ணீர்ச் சத்தம் இல்லை அது. அவர் மேலே வரவில்லை. இரண்டு பேர் குதித்தார்கள். டிவியில் அதற்குள் நூடுல்ஸ் விளம்பரம் போட்டுவிட்டார்கள், ஒரு குழந்தை சிரித்துக்கொண்டே உறிஞ்சியது. என் கை நோட்டின்மேல் இருந்தது, எங்கே டிக் போடுவது என்று தெரியாமல். அப்போதுதான் கண்ணாடிக் கதவு திறந்தது. "மரகதம் கூட வந்தவங்க யாருங்க?" எழுந்தேன். அடுத்த வார்த்தை வருவதற்குள் எத்தனையோ வருஷம் போயிற்று எனக்கு. "வந்து பாருங்க" என்றாள் நர்ஸ். போகிற வழியில் கேட்டாள், "கண்ணு முழிச்சதும் பேரு கேட்டோம், சரியாச் சொன்னாங்க. கையத் தூக்குங்கன்னா தூக்குனாங்க. அப்புறம் ஹிராயாமா என்னாச்சுன்னு கேக்கறாங்க. உங்க பையனுங்களா?" எனக்கு அழுகைதான் வந்தது. இல்லீங்க என்று தலையாட்டினேன். உள்ளே மரகதம் தலை முழுக்கக் கட்டோடு, முகம் வீங்கி, ஒரு கண்ணைப் பாதி திறந்து பார்த்தாள். உயிரோடு இருக்கிறாள், உயிரோடுதான் இருக்கிறாள், அவள் கால் விரலைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. "நூறாவது?" என்றாள், காற்றுமாதிரி. "நீதான்" என்றேன். அந்தத் தலையை வைத்துக்கொண்டு அவள் கணக்குப் போட்டாள், நான் காலையிலிருந்து போடத் தெரியாத கணக்கை. "அப்ப… அவருக்கு வரியே இல்லீங்களா?" என் முகத்தைப் பார்த்தாள். ஆயிரம் பெண்களின் முகத்தைப் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தவள், யாருக்கு எப்போது பயம் என்று அவளுக்குத் தெரியும். "உழுந்துட்டாரா?" "ம்." "எந்திரிச்சாரா?" தெரியாது என்றேன். விழு என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை. "பேர எழுதுங்க" என்றாள். எழுதுனா பட்டியல் செல்லாது மரகதம், இத்தன நேரம் அதுதான் உன்னை, என்று ஆரம்பித்தேன். "எழுதுங்க." மடிப்பைப் பிரித்தேன். அவள் பெயருக்குக் கீழே ஹிராயாமா என்று எழுதினேன். பக்கத்தில் என்ன போடுவது என்று பேனா நின்றது. எழுந்தார் என்று போட்டால் கண் பட்டுவிடும், எழவில்லை என்று போட்டால் இன்றைக்கு நான் எழுதுவதெல்லாம் நடக்கிறது. "பேரு மட்டும் போதும்" என்றாள். பக்கத்தில் வெறுமையாக விட்டேன். பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. என் கண்ணால் பார்க்கவும் கூடாது, என் வாயால் படிக்கவும் கூடாது. பட்டியல் எதுவும் போடாத ஒருத்தி படிக்கட்டும் என்று நர்ஸிடம் கொடுத்தேன். அவள் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் உரக்கப் படித்தாள். "அண்ணே, ஹிராயாமாவுக்கு நெனவு வந்துட்டு. ஸ்ட்ரெச்சர்ல கையக் காட்டுனாரு. அண்ணே, மத்த மூணு பேரும் உங்க கணக்குப்படியே விழுந்தாச்சு. தொண்ணூத்தொம்பதும் சரி. மடிப்புக்குள்ள அவருக்கு அஞ்சு கல்லுதான போட்டிருக்கீங்க? நூத்துக்கு நூறுண்ணே. பிரிச்சுக் காட்டுங்க." படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். மரகதம் கண்ணை மூடியிருந்தாள், உதட்டோரம் சிரித்த மாதிரி இருந்தது, தூங்கிவிட்டாளா என்று தெரியவில்லை. ஒன்பது வருஷமாக நான் கனவு கண்ட பட்டியல் கையில் இருந்தது. நூறாவது வரியில் அவள் பெயர் இன்னும் அப்படியேதான் இருந்தது. "திருத்திட்டேன், என் பட்டியல் செல்லாதுன்னு போட்டுருங்க" என்றேன். நர்ஸ் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். கட்டிலுக்கு மேலே சின்னத் திரையில் அவள் இதயத் துடிப்பின் பச்சைக் கோடு ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. அது எதுவரை போகும் என்று கண் தானாகவே கணக்குப் போடத் தொடங்கியது. திரும்பி நின்றுகொண்டேன்.